வயதான பர்பன்: கொடுக்கிற காசுக்குத் தகுந்த பாட்டிலைப் பார்த்து எடுப்பது எப்படி

பர்பன் என்பது மக்காச்சோளத்தை முதன்மையாக வைத்து வடிக்கும் அமெரிக்க விஸ்கி. அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்தில் ஜிம் பீம் வடிசாலை தரும் நாப் க்ரீக் பர்பனில் 9, 12, 15, 18 ஆண்டு என்று வரிசையாகப் பாட்டில்கள் உண்டு. ஒரே வீட்டுச் சரக்கு, நான்கிலும் ஆல்கஹால் 50%. வயது மட்டும்தான் வேறு. 12 ஆண்டுப் பாட்டில் 2019-இல் வந்தபோது நிறுவனம் சொன்ன சில்லறை விலை சுமார் 60 டாலர். 2020-இல் வந்த 15 ஆண்டுக்கு 100 டாலர், 2022-இல் வந்த 18 ஆண்டுக்கு 170 டாலர். முதல் மூன்று ஆண்டுக்கு 40 டாலர் கூடியது, அடுத்த மூன்றுக்கு 70. இந்தக் கூடுதல் பணத்தில் எவ்வளவு உள்ளே இருக்கும் சரக்குக்கு, எவ்வளவு அது அரிதாகக் கிடைப்பதற்கு என்று பிரித்துப் பார்க்கத் தெரிந்துவிட்டால், எந்தக் கடை அலமாரி முன்னாலும் ஏமாற வேண்டியதில்லை.

வயது பர்பனுக்குள் என்ன செய்கிறது

ஸ்காட்ச் வாங்கிப் பழகியவர்கள் முதலில் தவறுவது இங்கேதான். ஸ்காட்ச் பெரும்பாலும் ஏற்கெனவே பர்பனோ ஷெர்ரி ஒயினோ இருந்து வெளியேறிய பழைய பீப்பாயில் ஊறுகிறது. மரத்தின் வேகம் அதற்குள் பாதி தணிந்திருக்கும். பர்பனுக்கோ அமெரிக்கச் சட்டப்படி ஒவ்வொரு முறையும் உட்புறம் கரியாகச் சுட்ட புத்தம்புது ஓக் பீப்பாய் வேண்டும். அதோடு கென்டக்கியின் தட்பவெப்பமும் சேர்கிறது. கோடை வெயிலில் சாராயம் விரிந்து மரத்துக்குள் புகும், உறைபனிக் காலத்தில் சுருங்கி வெளியே வரும். ஆண்டுதோறும் இது நடப்பதால் மரச்சாறு வேகமாக இறங்குகிறது. 18 ஆண்டு ஸ்காட்சையும் 18 ஆண்டு பர்பனையும் ஒரே தராசில் வைக்கவே கூடாது.

முதல் நான்கு ஆண்டுகளில் நிறமும் வெனிலா வாசனையும் வெல்லப்பாகு இனிப்பும் வந்துவிடும். ஆனால் மக்காச்சோளத்தின் பச்சை வாடை இன்னும் தெரியும், தொண்டையில் முள் இருக்கும். ஆறிலிருந்து பத்து, பன்னிரண்டு ஆண்டு வரை இனிப்பும் மரமும் ஒன்றையொன்று தாங்கி நிற்கும். உலர்ந்த பழம், பதப்படுத்திய தோல், புகையிலை என்று வாசனை அடுக்கடுக்காக விரியும். பதினைந்தைத் தாண்டினால் துவர்ப்பு கூடத் தொடங்கும். நல்ல பீப்பாயில் அது கனத்தைத் தரும். சரியில்லாத பீப்பாயிலோ கடுக்காயைக் கடித்ததுபோல நாக்கைப் பிடித்து இழுக்கும், அதிக நேரம் கொதித்த டீத்தூள் போலக் கசக்கும். இப்படி ஒருமுறை மரம் மிஞ்சிவிட்டால் அதை வெளியே எடுக்க வழியில்லை.

என் கணிப்பைச் சொல்லிவிடுகிறேன்: ருசிக்காக வாங்குகிறவருக்கு எட்டு முதல் பன்னிரண்டு ஆண்டுதான் பொன்னான இடம். அதற்கு மேலே போகலாம், ஆனால் ருசி பார்த்துவிட்டுத்தான் போக வேண்டும்.

ஆவியாகிற கணக்கு

ஒரு பீப்பாய் 53 கேலன், ஏறத்தாழ 200 லிட்டர். ஊறும்போது மரத்தின் வழியே ஆவியாகிப் போவதைத் தொழிலில் 'தேவதைகளின் பங்கு' என்பார்கள். கென்டக்கியில் அது ஆண்டுக்கு 3 முதல் 5% என்று பொதுவாகக் கணக்கிடுவார்கள். நடுவே 4% என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆறு ஆண்டில் 157 லிட்டர் மிஞ்சும், பன்னிரண்டில் 123, பதினெட்டில் 96, இருபத்து மூன்றில் 78.

இதன்படி ஆறு ஆண்டுச் சரக்கைவிடப் பன்னிரண்டு ஆண்டுச் சரக்கு, ஆவியான கணக்கில் மட்டும், லிட்டருக்கு 28% அதிக விலை போகலாம். ஆறுக்கும் பதினெட்டுக்கும் இடையே 63%. மூன்று ஆண்டு இடைவெளி என்றால் 13% மட்டுமே. நாப் க்ரீக் வரிசையில் 12-இலிருந்து 15-க்கு விலை 67% கூடியது, 15-இலிருந்து 18-க்கு 70%. கிடங்கு வாடகை, முடங்கிக் கிடக்கும் முதலுக்கு வட்டி, ஊறும் பீப்பாய்க்கு கென்டக்கி ஆண்டுதோறும் போட்டுவந்த சொத்து வரி எல்லாமும் இதில் உண்டு. (அந்த வரியை 2026 முதல் படிப்படியாகக் குறைத்து 2043-இல் நீக்க 2023-இல் சட்டம் வந்திருக்கிறது.) பாதியில் கெட்டு ஒதுக்கப்படும் பீப்பாய்களின் நட்டத்தையும் மிஞ்சிய பாட்டில்கள்தான் சுமக்க வேண்டும். இத்தனையையும் கூட்டினாலும் மீதி ஒரு பெரிய பங்கு அரிதாகக் கிடைப்பதற்கான விலைதான். அதைக் கொடுப்பது தவறில்லை. கொடுக்கிறோம் என்று தெரிந்து கொடுக்க வேண்டும்.

முதல் படி: எதற்காக வாங்குகிறீர்கள், எவ்வளவு வரை

கடைக்குள் நுழையும் முன்பே ஓர் உச்சவரம்பு வேண்டும். வீட்டில் வாரம் ஒரு கோப்பை என்றால் 10 ஆண்டுப் பாட்டில் போதும். ஒருவருக்குப் பரிசளிக்க என்றால் 12 ஆண்டும் தெளிவான வயதுக் குறிப்பும் மரியாதையாக இருக்கும். சோடாவோ கோலாவோ கலந்து குடிப்பவருக்கு வயதான பாட்டில் வாங்கித் தருவது காசை ஆற்றில் போடுவதுதான். வைல்டு டர்க்கி 101 போன்ற, ஆறு முதல் எட்டு ஆண்டுச் சரக்கைக் கலந்து 50.5%-இல் தரும் பாட்டில் அந்த வேலைக்கு இன்னும் பொருத்தம், விலையும் பல மடங்கு குறைவு.

இரண்டாம் படி: லேபிளை வரிவரியாகப் படியுங்கள்

முதலில் வயதுக் குறிப்பு. லேபிளில் '10 இயர்ஸ்' என்றால் உள்ளே இருப்பதில் மிக இளைய துளிக்கும் பத்து வயது ஆகியிருக்க வேண்டும். இது சட்டம், சராசரி அல்ல. எண் மட்டும் இருந்து 'இயர்ஸ்' என்ற சொல் இல்லாவிட்டால் அதை வயதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். வயதே போடாத 'ஸ்ட்ரெய்ட் பர்பன்' என்றால் குறைந்தது நான்கு ஆண்டு. நான்குக்குக் கீழே போனால் வயதைப் போட்டே ஆக வேண்டும். குறிப்பு இருந்த பாட்டிலிலிருந்து அது காணாமல் போவதும் உண்டு. எலைஜா க்ரெய்க் ஸ்மால் பேட்சில் இருந்த 12 ஆண்டுக் குறிப்பு 2016-இல் நீங்கியது. நாப் க்ரீக்கின் 9 ஆண்டுக் குறிப்பும் 2016-இல் போய் 2020-இல் திரும்பி வந்தது. யாரோ பத்து வருடம் முன்பு புகழ்ந்ததை நம்பி இன்றைய பாட்டிலை வாங்காதீர்கள். இன்றைய லேபிளைப் பாருங்கள்.

அடுத்தது 'பாட்டில்ட் இன் பாண்ட்'. 1897-இல் வந்த சட்டம் இது, கலப்பட விஸ்கி மலிந்திருந்த காலத்தில் நாணயத்துக்காக எழுதப்பட்டது. ஒரே வடிசாலையில், ஒரே பருவத்தில் (ஜனவரி–ஜூன் அல்லது ஜூலை–டிசம்பர்) வடித்து, அரசுக் கண்காணிப்புக் கிடங்கில் நான்கு ஆண்டாவது ஊறவைத்து, சரியாக 50%-இல் அடைத்திருக்க வேண்டும். வடிசாலை எண்ணும் லேபிளில் இருக்கும். 'டிஎஸ்பி-கேஒய்-1' என்றால் லூயிவில் நகரில் ஹெவன் ஹில் நிறுவனம் நடத்தும் பெர்ன்ஹைம் வடிசாலை, '113' என்றால் பஃபலோ ட்ரேஸ். இவ்வளவு விவரத்தை வேறு எந்தச் சொல்லும் உறுதியாகத் தருவதில்லை.

'ஸ்மால் பேட்ச்', 'ரிசர்வ்', 'ரேர்', 'ஹேண்ட்கிராஃப்டட்' ஆகியவற்றுக்குச் சட்டத்தில் எந்த அளவும் கிடையாது. பத்துப் பீப்பாயும் ஸ்மால் பேட்ச்தான், இருநூறும் ஸ்மால் பேட்ச்தான். இந்தச் சொற்களுக்காக ஒரு டாலர்கூடக் கூடுதலாகக் கொடுக்காதீர்கள்.

பிறகு பின்பக்கத்துச் சிறிய எழுத்து. 'டிஸ்டில்ட் பை' என்று ஒரு பெயர் இருந்தால் வடித்தவர் அவரே. 'பாட்டில்ட் பை', 'ப்ரொட்யூஸ்ட் பை' மட்டும் இருந்தால் வேறொருவர் வடித்ததை வாங்கி அடைத்திருக்க வாய்ப்பு அதிகம். அப்படி வாங்கப்படும் சரக்கில் பெரும்பங்கு இண்டியானா மாநிலத்து லாரன்ஸ்பர்க்கில் இருக்கும் எம்ஜிபி வடிசாலையிலிருந்து வருகிறது. ஒரு குழப்பத்தைச் சொல்லி வைக்கிறேன்: கென்டக்கியிலும் லாரன்ஸ்பர்க் என்று ஓர் ஊர் உண்டு, வைல்டு டர்க்கியும் ஃபோர் ரோஸஸும் அங்கேதான். ஊர்ப் பெயரை மட்டும் பார்த்து முடிவு செய்யாமல் மாநிலத்தையும் பாருங்கள். எம்ஜிபி சரக்கு மட்டமானது என்று நினைக்க வேண்டாம், அங்கே அருமையான பர்பன் வடிக்கிறார்கள். ஆனால் அதே வடிசாலைச் சரக்கு இன்னொரு பெயரில் 50 டாலருக்குக் கிடைக்கும்போது, அழகான கண்ணாடியில் அடைத்த காரணத்துக்காக 130 கொடுக்க வேண்டியதில்லை.

'போர்ட் ஒயின் பீப்பாயில் முடித்தது' என்பது போன்ற 'ஃபினிஷ்ட்' வகை, அதாவது ஊறியபின் வேறு மது இருந்த பீப்பாயில் மறுபடி வைத்தது, வேறு இனம். மரம் மிஞ்சிய பழைய சரக்கை இனிப்பால் மூடவும் இந்த வழி பயன்படும். வயதான பர்பனின் சொந்த ருசியைத் தேடுகிறவர் முதல் பாட்டிலாக இதை எடுக்க வேண்டாம்.

மூன்றாம் படி: புரூஃபை விலையோடு சேர்த்துப் பாருங்கள்

அமெரிக்கப் புரூஃபைப் பாதியாக்கினால் ஆல்கஹால் சதவீதம். பர்பன் பீப்பாய்க்குள் போகும்போது 62.5%-க்கு மேல் இருக்கக் கூடாது, பாட்டிலில் 40%-க்குக் கீழே போகக் கூடாது. ஊறும்போது இது நிலையாக நிற்பதில்லை. கிடங்கின் மேல்தளத்தில் வெப்பம் அதிகம். ஆல்கஹாலைவிடத் தண்ணீர் வேகமாகப் போய்ச் சதவீதம் ஏறும். குளிர்ந்த கீழ்த்தளத்தில் இறங்கவும் செய்யும். மேல்தளத்துப் பன்னிரண்டு ஆண்டும் கீழ்த்தளத்துப் பன்னிரண்டு ஆண்டும் ஒரே வயதல்ல என்றே சொல்லலாம். மிகப் பழைய பர்பனுக்கான பீப்பாய்கள் பெரும்பாலும் கீழ்த்தளங்களிலிருந்தே பொறுக்கப்படுவது இதனால்தான்.

இனி விலைக்கணக்கு. 60%-இல் உள்ள 750 மி.லி. பாட்டிலில் 450 மி.லி. தூய ஆல்கஹால். அதை 45%-க்கு இறக்கினால் சரியாக 1 லிட்டர் வரும். அதாவது 75 டாலருக்கு வாங்கிய பேரல் புரூஃப் (பீப்பாயில் இருந்த சதவீதத்திலேயே, தண்ணீர் கலக்காமல் அடைத்த) பாட்டில், 45%-இல் உள்ள 750 மி.லி. பாட்டிலோடு ஒப்பிட்டால் 56 டாலருக்கு வாங்கியதற்குச் சமம். தண்ணீரை வடிசாலையில் கலந்து கப்பலில் கொண்டுவருவதற்குப் பதில் நாமே வீட்டில் கலந்துகொள்கிறோம், அவ்வளவுதான். வயதும் சதவீதமும் இரண்டும் உயர்ந்த பாட்டில், விலை சற்றுக் கூடுதலாகத் தெரிந்தாலும், பெரும்பாலும் மலிவானது.

எலைஜா க்ரெய்க் பேரல் புரூஃப் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. ஆண்டுக்கு மூன்று வெளியீடு. லேபிளில் 'பி523' என்று இருந்தால் 'பி' இரண்டாம் வெளியீடு, '5' மே மாதம், '23' ஆண்டு. ஏ123 வரை எல்லாமே 12 ஆண்டு. பி523 முதல் வயது மாறத் தொடங்கியது: அது 11 ஆண்டு 5 மாதம், அடுத்த சி923 13 ஆண்டு 7 மாதம். ஒரே பெயர், ஒரே அலமாரி, ஆனால் இரண்டு வருடத்துக்கு மேல் வித்தியாசம். குறியீட்டைப் படிக்கத் தெரிந்தவருக்கு இது இலாபம்.

நான்காம் படி: பட்டியல் விலையைத் தெரிந்துகொண்டு கடைக்குப் போங்கள்

பர்பனில் ஒரே பாட்டிலுக்கு மூன்று விலை நடமாடும்: தயாரிப்பாளர் சொல்லும் சில்லறை விலை, கடைக்காரர் ஒட்டும் விலை, கைமாற்றுச் சந்தை விலை. வான் விங்கிள் வரிசையின் பழைய பாட்டில்களுக்குத் தயாரிப்பாளர் சொல்வது சில நூறு டாலர், வெளியே கேட்பது ஆயிரக்கணக்கில். நடுவே உள்ள தொகையில் ஒரு காசும் ருசிக்குப் போகவில்லை.

நான் வைத்திருக்கும் அளவுகோல் எளிது. பட்டியல் விலைக்கு வாங்கினால் நல்லது. அதற்கு மேல் 20% வரை, அந்த ருசி உங்களுக்குத் தெரியும் என்றால் மட்டும். அதைத் தாண்டினால் அதே பணத்தில் இரண்டு நல்ல 10 ஆண்டுப் பாட்டில் கிடைக்குமா என்று பாருங்கள், அநேகமாகக் கிடைக்கும்.

பரிசு வாங்கிய பாட்டில்களிடம் கவனம் தேவை. ஹென்றி மெக்கென்னா 10 ஆண்டு, சிங்கிள் பேரல் (ஒரே பீப்பாயிலிருந்து அடைத்தது), பாட்டில்ட் இன் பாண்ட். நெடுநாள் மலிவாக, சத்தமில்லாமல் அலமாரியில் இருந்தது. 2019-இல் சான் ஃபிரான்சிஸ்கோ போட்டியில் முதலிடம் பெற்றதும் விலை பாய்ந்தது, பாட்டிலும் மறைந்தது. சிங்கிள் பேரல் என்பதால் பரிசு பெற்ற பீப்பாய் எப்போதோ தீர்ந்துவிட்டது. இன்று நீங்கள் வாங்குவது வேறு பீப்பாய்.

ப்ளாண்டன்ஸும் அப்படித்தான் தேடப்படுகிறது. 1984-இல் வடிப்பாளர் எல்மர் டி. லீ கொண்டுவந்த சிங்கிள் பேரல் அது. லேபிளில் கிடங்கு, பீப்பாய் எண், இறக்கிய தேதி எல்லாம் இருக்கும். வயது மட்டும் இருக்காது. நல்ல பர்பன்தான், ஆனால் வயதான பர்பன் தேடுகிறவர் அதற்கு 150 டாலர் கொடுப்பதில் பொருளில்லை.

ஐந்தாம் படி: 80 டாலருக்கு மேல் என்றால் ருசி பார்க்காமல் வாங்காதீர்கள்

விஸ்கி மதுக்கூடத்தில் 30 மி.லி. கேளுங்கள். ஐஸ் வேண்டாம். பத்து நிமிடம் கோப்பையிலேயே விடுங்கள். வாயை லேசாகத் திறந்து வைத்து முகர்ந்தால் ஆல்கஹால் மூக்கைக் குத்தாது. முதல் மிடறு நாக்கைப் பழக்குவதற்கு, தீர்ப்பை இரண்டாவதில் வைத்துக்கொள்ளுங்கள். விழுங்கியபின் அரை நிமிடம் கவனியுங்கள். இனிப்பு மெதுவாக வற்றி மரவாசனை நின்றால் நல்ல சரக்கு. ஈறும் கன்னத்தின் உட்புறமும் வறண்டு, பென்சில் சீவிய வாசனையும் கசப்பும் மட்டும் மிஞ்சினால் அது மரம் மிஞ்சியது. எத்தனை வயது போட்டிருந்தாலும் விட்டுவிடுங்கள்.

பேரல் புரூஃப் என்றால் தண்ணீர் கலந்து மறுபடி பாருங்கள். 60% உள்ள 30 மி.லி.-க்கு 6 மி.லி. தண்ணீர் விட்டால் 50% ஆகும், 10 மி.லி. விட்டால் 45%. தண்ணீர் பட்டதும் வாசனை மலர்ந்தால் அந்தப் பாட்டிலுக்கு ஆயுசு உண்டு. துவர்ப்பு மட்டும் முன்னால் வந்து நின்றால் வேண்டாம்.

எதிலிருந்து தொடங்கலாம்

ரஸல்ஸ் ரிசர்வ் 10 ஆண்டு, 45%: விலைக்கு இதைவிட நேர்மையான பாட்டில் குறைவு. வைல்டு டர்க்கி வீட்டார் பீப்பாயில் ஊற்றும்போதே 57.5%-இல்தான் ஊற்றுகிறார்கள், சட்டம் அனுமதிக்கும் அளவைவிடக் குறைவு. அதனால் பாட்டிலில் அடைக்கும்போது கலக்க வேண்டிய தண்ணீரும் குறைவு, சரக்கு கெட்டியாக இருக்கும். நாப் க்ரீக் 12 ஆண்டு அடுத்த படி. 9-ஐயும் 12-ஐயும் பக்கத்தில் வைத்துக் குடித்தால் மூன்று ஆண்டு என்ன செய்யும் என்பது ஒரே மாலையில் புரியும். பிறகு எலைஜா க்ரெய்க் பேரல் புரூஃப். ஈகிள் ரேர் 10 ஆண்டு மென்மையானது, பட்டியல் விலையில் கிடைத்தால் மட்டும். ரை என்ற தானியத்தின் காரம் பிடிக்காதவர்கள் கோதுமை சேர்த்த வெல்லர் 12 ஆண்டைத் தேடலாம், ஆனால் அதையும் மும்மடங்கு விலைக்கு வாங்க வேண்டாம்.

15 ஆண்டுக்கு மேலே போக ஆசைப்பட்டால் நாப் க்ரீக் 15-ஐ முதலில் ருசி பாருங்கள். ரஸல்ஸ் ரிசர்வ் 15 ஆண்டு 58.6%-இல் 2024-இல் வந்தது. அந்த வயதில் அந்தச் சதவீதம் கிடைப்பது அரிது.

கைமாறிய பாட்டில்கள்

முதலில் ஒன்று: கண்ணாடிக்குள் வயது ஏறாது. 1985-இல் அடைத்த 8 ஆண்டுப் பர்பன் இன்றும் 8 ஆண்டுதான். பழைய பாட்டிலின் காலத்தைக் கணிக்கச் சில அடையாளங்கள் உண்டு. மூடியின் மேல் ஒட்டிய வரிச்சீட்டு இருந்தால் 1985-க்கு முந்தியது. பச்சைச் சீட்டு பாண்ட் சரக்கு, சிவப்பு மற்றவை. அரசின் உடல்நல எச்சரிக்கை வாசகம் இருந்தால் 1989-ஐ ஒட்டியோ பிந்தியோ. இரண்டும் சேர்ந்திருந்தால் ஏதோ சரியில்லை.

அமெரிக்காவில் உரிமம் இல்லாத தனிநபர் மது விற்பது பொதுவாகச் சட்டத்துக்குப் புறம்பு. கென்டக்கியில் 2018 முதல், உரிமம் பெற்ற கடைகள் தனியாரிடம் பழைய பாட்டிலை வாங்கி விற்கலாம். அப்படிப்பட்ட கடையே பாதுகாப்பு. புகழ்பெற்ற பெயர்களின் காலிப் பாட்டில்கள் வாங்கப்பட்டு, மலிவுச் சரக்கு நிரப்பி மறுபடி விற்கப்படுவது உண்மையாகவே நடக்கிறது. மூடியின் உறை சுருக்கமின்றி இறுகியிருக்கிறதா, சரக்கு கழுத்தில் எந்த மட்டத்தில் நிற்கிறது, கண்ணாடியில் லேசரால் பொறித்த அடைப்புக் குறியீடு லேபிளின் காலத்தோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். குறியீட்டைச் சுரண்டியிருந்தால் பேச்சே வேண்டாம்.

ஊருக்குக் கொண்டுவருவதும் வீட்டில் வைப்பதும்

அமெரிக்காவிலிருந்து இந்தியாவுக்குத் தீர்வையில்லாமல் ஒருவர் 2 லிட்டர் மது கொண்டுவரலாம். 750 மி.லி. பாட்டில் இரண்டு சரி, மூன்றாவது வரம்பைத் தாண்டும். 70%-க்கு மேல் உள்ள சரக்குக்கு விமானத்தில் அனுமதியே இல்லை. சில பேரல் புரூஃப் பாட்டில்கள் அந்த எல்லையைத் தொடும் என்பதால் லேபிளைப் பாருங்கள். இங்கேயே வாங்குகிறவர்களுக்கு: பர்பன் மீதான இந்திய இறக்குமதித் தீர்வை 2025 பிப்ரவரியில் 150%-இலிருந்து 100% ஆகக் குறைந்தது. அதற்கு மேல் மாநில வரி தனி. ஆகவே இந்தியக் கடை விலையை டாலர் விலையோடு ஒப்பிட்டுத் தரத்தை எடைபோட வேண்டாம்.

பாட்டிலை நிமிர்த்தி வையுங்கள். ஒயினைப் போலப் படுக்க வைத்தால் ஆல்கஹால் தக்கையை அரித்து ருசியைக் கெடுக்கும். வெயில் படாத அலமாரி வேண்டும். சென்னை வெயிலில் சமையலறை மேல்தட்டும் காரின் பின்பெட்டியும் கூடாது. திறக்காத பாட்டில் பல ஆண்டு தாங்கும். திறந்து பாதிக்குக் கீழே போய்விட்டால் ஓர் ஆண்டுக்குள் முடியுங்கள், அல்லது நன்றாகக் கழுவிக் காயவைத்த 200 மி.லி. கண்ணாடிப் புட்டியில் கழுத்து வரை நிரப்பி மூடி வையுங்கள். பழைய பாட்டிலின் தக்கை திறக்கும்போது உடைந்தால் பதறாதீர்கள். சுத்தமான வடிகட்டி வழியே வேறு பாட்டிலுக்கு ஊற்றி, வேறொரு பர்பன் பாட்டிலில் பயன்பட்ட தக்கையைப் போட்டு மூடினால் போதும். அதற்காகவே காலியான பாட்டில்களின் தக்கைகள் நாலைந்தை எடுத்து வைத்திருங்கள்.